குடும்பப் படம் எடுக்கையில் குழந்தை முரண்டு பிடித்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

முதல் பிறந்தநாள், காதுகுத்துச் சீர், பெரியவர்களின் அறுபதாம் கல்யாணம், வெளிநாட்டில் இருக்கும் தம்பி குடும்பத்தோடு வந்திறங்கும் பொங்கல் விடுமுறை என்று ஏதோ ஒரு காரணத்துக்காக வீட்டார் அனைவரும் சேர்ந்து நல்லதொரு படம் எடுத்துக்கொள்ள நினைக்கும்போது, அந்தப் படம் அமைவதும் அமையாமல் போவதும் பெரும்பாலும் வீட்டின் மிகச் சிறிய பிள்ளையைப் பொறுத்தே இருக்கிறது. கோவை, பொள்ளாச்சி, உடுமலை, கோபி வட்டாரங்களில் குடும்பங்களைப் படமெடுத்துவரும் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும். படமெடுக்கும் இடத்தில் பெற்றோர் அடம் என்று சொல்வது ஏறத்தாழ எப்போதும் ஓர் அறிகுறியாகவே இருக்கிறது. அதன் காரணம் முந்தைய இரவின் தூக்கத்திலோ, அன்று உடுத்திவிட்ட துணியிலோ, சுற்றி நிற்கும் பெரியவர்களின் குரலிலோ இருக்கும். காரணத்தைத் தேடாமல் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும்.

ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து இதை எழுதியிருக்கிறேன். உங்கள் குழந்தையிடம் காணும் அறிகுறியைக் கீழே தேடி, அங்கே சொல்லியிருப்பதைச் செய்து பாருங்கள். ஆனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் அதற்கு முன் தூங்கி எழுந்ததா, வயிறு நிறைந்திருக்கிறதா, டயப்பர் நனைந்திருக்கிறதா, வியர்க்கிறதா என்ற நான்கையும் இந்த வரிசையிலேயே சரிபார்த்துவிடுங்கள். தூக்கம் போதாத குழந்தைக்கு மற்ற மூன்றையும் சரிசெய்தாலும் பலன் இருக்காது என்பதால்தான் தூக்கத்தை முதலில் வைத்திருக்கிறேன்.

கேமராவைக் கண்டதும் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறது

எட்டு ஒன்பது மாதம் ஆகும்போது குழந்தை வேற்றுமுகம் பார்க்கத் தொடங்குகிறது. சில பிள்ளைகளுக்கு இது இரண்டு வயது வரைக்கும்கூட நீடிக்கும். தெரியாத ஒருவர் வருகிறார், வந்தவுடன் முகத்துக்கு முன்னால் கறுப்பாக ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறார் என்பது ஒரு வயதுக் குழந்தையின் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்துப் பார்த்தாலே, அது முகத்தைத் திருப்பிக்கொள்வதன் நியாயம் விளங்கிவிடும்.

முதலில் கேமராவைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். படமெடுப்பவர் திண்ணையில் உட்கார்ந்து ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்தபடி அம்மாவோடும் அப்பாவோடும் பேசிக்கொண்டிருக்கட்டும். குழந்தையை நேராகப் பார்க்கவும் வேண்டாம், கொஞ்சவும் வேண்டாம். சற்று நேரத்தில் குழந்தை தோளிலிருந்து தலையைத் திருப்பி ஒருமுறை பார்க்கும், பார்வை பட்டுவிட்டால் மறுபடி புதைந்துகொள்ளும், பிறகு மீண்டும் எட்டிப் பார்க்கும். இந்த எட்டிப் பார்த்தல் மெல்ல மெல்ல நீண்டு, கடைசியில் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்த கை தளர்ந்து, கேமராப் பையின் வாரைத் தொட வரும். அந்த நேரத்தில் லென்ஸ் மூடியைக் கழற்றி அதன் கையில் கொடுத்துவிடலாம். மூடி கைக்கு வந்தபின் அந்தக் கறுப்புப் பொருள் அதற்கு அந்நியமாகத் தெரிவதில்லை.

அதன் பிறகும் முதல் படங்களை அம்மாவின் இடுப்பில் இருக்கும்போதே, நான்கைந்து அடி எடுத்து வைத்துத் தள்ளி நின்று எடுப்பதே நல்லது. 85 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட குவியத்தூரம் கொண்ட லென்ஸ் இருந்தால், கிட்டப் போகாமலே முகம் நிறைவாக வரும். உறவினர்கள் "போ சாமி, மாமாகிட்டப் போ" என்று குழந்தையைப் பிடுங்கி நீட்டுவதை மட்டும் அன்போடு தடுத்துவிடுங்கள், ஏனென்றால் அரைமணி நேரம் பொறுத்திருந்து சேர்த்த நம்பிக்கை அந்த ஒரு நீட்டலில் போய்விடும்.

வீட்டிலிருந்தே செய்யக்கூடிய முன்னேற்பாடும் உண்டு. படமெடுக்க வருபவரின் முகத்தைச் செல்போனில் சில நாள் முன்பிருந்தே காட்டி, அவர் இன்னார், வீட்டுக்கு வரப்போகிறார் என்று சொல்லி வையுங்கள். அம்மா ஒரு டம்ளரையோ சிறு பெட்டியையோ கண்ணுக்கு முன்னால் பிடித்து மறைத்து, பிறகு எடுத்துவிட்டுச் சிரிக்கும் விளையாட்டைத் தினமும் கொஞ்ச நேரம் விளையாடினால், முகம் மறைந்தாலும் திரும்ப வரும் என்பது குழந்தைக்குப் பழகிவிடும்.

புது உடை உடுத்தியதும் அழத் தொடங்குகிறது, அல்லது கழுத்தையும் இடுப்பையும் இழுத்துக்கொண்டே இருக்கிறது

பட்டுப் பாவாடைச் சட்டையின் அக்குள் பகுதியிலும் கழுத்துப் பட்டியிலும் விரலை உள்ளே விட்டு, உட்பக்கத்தை நீங்களே தடவிப் பாருங்கள். வெளியே பளபளக்கும் ஜரிகை உள்ளே மடிப்போரத்தில் அரம் போல இருக்கும். கவுன் என்றால், விரிந்து நிற்பதற்காக உள்ளே வைத்துத் தைத்திருக்கும் கேன்கேன் வலை தொடையைக் குத்திக்கொண்டிருக்கும். சிறுவர்களின் ஒட்டு வேட்டியில் இடுப்புப் பட்டை இறுக்கமாக இருக்கும்; சாப்பிட்ட வயிற்றோடு உட்கார்ந்தால் அது இன்னும் அழுத்தும்.

இதற்கான தீர்வு நம் பக்கத்திலேயே இருக்கிறது. திருப்பூரில் பின்னித் தைக்கிற மெல்லிய பருத்திப் பனியன் ஒன்றை, முடிந்தால் தையல் வெளிப்புறம் இருக்கும்படி திருப்பி, உள்ளே போட்டுவிட்டு அதன்மேல் பட்டு உடையைப் போடுங்கள். கழுத்து வெளியே தெரிந்தால் பனியனின் கழுத்தை வெட்டி அகலப்படுத்திக்கொள்ளலாம். துவைக்கக்கூடிய புதுத்துணியாக இருந்தால் ஒருமுறை அலசிப் போடுங்கள், கஞ்சியின் விறைப்புப் போய்விடும். படத்துக்கு முன்பாகவே ஒருநாள் மாலை, அரைமணி நேரமாவது அந்த உடையோடு குழந்தையை விளையாட விடுங்கள். உட்காரும்போது எங்கே பிடிக்கிறது, ஓடும்போது எது கழன்று விழுகிறது என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

அன்றைய தினம் உடையைக் கடைசியாகப் போட வேண்டும். காலை ஐந்து மணிக்கே குளிப்பாட்டிச் சிங்காரித்து, காரில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்து, தோட்டத்தில் இறக்கும்போது குழந்தைக்கு அந்த உடையின் மீதே வெறுப்பு வந்திருக்கும். சாதாரண உடையில் அழைத்து வந்து, எல்லாரும் தயாரான பிறகு மாற்றிவிடுங்கள். அழுகை தொடங்கிவிட்டால் முழுவதையும் கழற்ற அவசரப்படாமல், நெற்றிச்சுட்டி, ஜடைபில்லை, தலைப்பட்டை, ஒட்டியாணம், கொலுசு என்று மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தால் எது உறுத்தியது என்று கண்டுபிடித்துவிடலாம். பெரும்பாலும் அது தலையில் இருப்பதாகவே இருக்கும்.

எதுவும் சரிவரவில்லை என்றால் பழகிய பருத்திச் சட்டையை மாட்டிவிடுங்கள். பெரியவர்கள் நெகமம் பருத்திச் சேலையும் வெள்ளை வேட்டியுமாக எளிமையாக உடுத்தியிருந்தால், குழந்தையின் சாதாரணச் சட்டையும் படத்தில் இயல்பாகவே பொருந்தும். உடையைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை யோசித்து வைப்பது நல்லது. மின்னும் ஆரஞ்சு, கிளிப்பச்சை போன்ற நிறங்கள் மோவாயின் அடியில் தம் சாயலைப் பூசிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

"சிரி" என்றால் பல்லைக் காட்டிக்கொண்டு முகத்தைக் கோணுகிறது. கண் வேறெங்கோ போகிறது

இந்த ஒரு சிக்கலுக்காகவே பெரியவர்களிடம் நான் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கிறேன். படமெடுப்பவரின் பின்னால் ஐந்தாறு பேர் நின்றுகொண்டு, ஒருவர் கைதட்ட, ஒருவர் சாவியைக் குலுக்க, அத்தை "இங்க பாரு கண்ணு" என்று கூப்பிட, சித்தப்பா செல்போனைத் தூக்கிப் பிடித்துத் தானும் ஒரு படமெடுக்க, குழந்தையின் கண்கள் ஐந்து திசையிலும் அலைகின்றன. மூன்று வயதைத் தாண்டிய பிள்ளைக்கு வேறு ஒரு சிக்கல். சிரிக்கச் சொன்னால் அது சிரிப்பின் வடிவத்தை வாயால் செய்துகாட்டுகிறது. சொன்னதை அப்படியே செய்கிற பிள்ளையைப் பார்த்து, இப்படி இல்லை, நன்றாகச் சிரி என்று திரும்பத் திரும்பச் சொல்வதில் எந்தப் பயனும் இல்லை.

குரல் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். குழந்தைக்கு மிகவும் பிடித்த ஒருவரை, சித்தியோ மாமாவோ யாராக இருந்தாலும், படமெடுப்பவரின் தோளுக்குப் பின்னால், அவர் கண் மட்டத்திலேயே நிறுத்துங்கள். மற்றவர்கள் வீட்டுக்குள்ளோ படத்துக்குள்ளோ இருக்கட்டும். பின்னால் நிற்பவர் பக்கவாட்டில் ஓரடி தள்ளி நின்றாலும் படத்தில் குழந்தையின் பார்வை விலகித் தெரியும்.

சிரிப்பு என்ற பேச்சையே எடுக்காமல், செய்வதற்கு ஏதாவது வேலை கொடுங்கள். "அம்மிச்சி காதுல ஒரு ரகசியம் சொல்லு பாக்கலாம்" என்றால் குழந்தை குனிந்து காதில் புஸ்ஸென்று காற்றை ஊதும். அம்மிச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, கூச்சம் வந்து தோளைக் குறுக்கிக்கொண்டு சிரிப்பார், அவர் சிரிப்பதைப் பார்த்துக் குழந்தையும் சிரிக்கும். கேட்டவுடன் படமெடுத்துவிடாமல் அந்த ரகசியம் முடிந்து இருவரும் நிமிரும் கணம் வரை பொறுத்திருக்க வேண்டும், ஏனென்றால் உண்மையான முகம் அப்போதுதான் தெரியும். அப்பாரின் (தாத்தாவின்) மீசையை எண்ணச் சொல்வது, அப்பாவின் மூக்கைப் பிடிக்கச் சொல்வது, வேண்டுமென்றே மாட்டைக் காட்டி "இது யானைதானே?" என்று கேட்டுத் திருத்தச் செய்வது ஆகியவையும் பலிக்கும். பெரியவர்களுக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு: குழந்தை பார்க்கிறதா என்று குனிந்து குனிந்து சரிபார்க்காமல், அவர்கள் கேமராவைப் பார்த்தபடி இருக்க வேண்டும். குழந்தை அருமையாகச் சிரிக்கும் படத்தில் நான்கு பெரியவர்களும் அதன் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருப்பது மிக அடிக்கடி நேர்கிறது.

ஓரிடத்தில் நிற்காமல் ஓடுகிறது

இரண்டு முதல் நான்கு வயதுக்குள் இது உடல்நலத்தின் அடையாளம். காத்திருக்க வைத்ததுதான் உங்கள் பக்கத்துப் பிழையாக இருக்கக்கூடும். பெரியவர்கள் யார் பக்கத்தில் யார் நிற்பது என்று பேசி முடிக்கும் வரை குழந்தையை நிறுத்தி வைக்காதீர்கள். எல்லாரையும் அமைத்து, வெளிச்சம் பார்த்து, ஒரு படம் சோதித்துவிட்டு, கடைசியாகக் குழந்தையை உள்ளே கொண்டுவாருங்கள்.

ஓட்டத்தையும் படமாக்கலாம். அப்பாரிடமிருந்து அம்மாவிடம் ஓடச் சொல்லி, 1/500 நொடி அல்லது அதைவிட வேகமான ஷட்டரில் தொடர்ச்சியாக எடுத்தால் கால்கள் கலங்காமல் வரும். உட்கார வைக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு பவானி ஜமுக்காளத்தை விரித்து, அதன் கோடுகளைக் காட்டி, இந்தச் சிவப்புக் கோடு உனக்கு, அந்தப் பச்சைக் கோடு அண்ணனுக்கு என்று பிரித்துக் கொடுத்துப் பாருங்கள். தனக்கென்று ஓர் இடம் கிடைத்த பிள்ளை ஓரிரு நிமிடமாவது அதைக் காத்து உட்காரும், குடும்பப் படத்துக்கு அதுவே போதுமான நேரம். விரிப்பதற்கு முன் கட்டெறும்புப் புற்று இருக்கிறதா என்று தரையையும், காய்ந்த மட்டையோ முற்றிய குலையோ தொங்குகிறதா என்று தென்னையின் மேலேயும் பார்த்துவிட வேண்டும்.

இடத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் தோட்டத்துக் கிணறுகள் பல, சுற்றுச்சுவர் தாழ்ந்தோ இல்லாமலோ இருக்கின்றன. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன) வாய்க்கால், கீழ்பவானி வாய்க்கால் கரைகள் படத்துக்கு அழகாக இருந்தாலும் தண்ணீர் விட்டிருக்கும் நாளில் அவற்றின் இழுப்பு பெரியவர்களுக்கே ஆபத்தானது. கொடிவேரி அணை போன்ற இடங்களில் பாறை பாசி பிடித்து வழுக்கும். ஓடுகிற வயதில் பிள்ளை இருந்தால் இந்த இடங்களை விட்டுவிட்டு, வேலியிட்ட தோப்பையோ வீட்டு வாசலையோ தேர்ந்தெடுங்கள். எங்கே எடுத்தாலும், படத்தில் சேராத ஒருவர் குழந்தையை மட்டுமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கண்ணைச் சுருக்குகிறது, அல்லது முகத்தில் திட்டுத்திட்டாக வெளிச்சம் விழுகிறது

இது குழந்தையின் மனநிலையைச் சேர்ந்தது அல்ல என்பதால் எளிதில் தீரும். சூரியனைப் பார்த்து நிற்க வைத்தால் யாருக்கும் கண் சுருங்கும், ஆகவே சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி திருப்பி நிறுத்துங்கள். முகம் இருண்டு போனால், துவைத்த வெள்ளை வேட்டி ஒன்றை இருவர் விரித்துப் பிடித்தோ, குழந்தைக்கு முன்னால் தரையில் விரித்தோ வைத்தால் வெளிச்சம் முகத்தில் திரும்பி விழும். தென்னங்கீற்றின் இடுக்கு வழியே வரும் வெயில்தான் முகத்தில் திட்டுகளை உண்டாக்குகிறது. ஓலை நெருங்கிய நிழலுக்கோ, வீட்டுத் தாழ்வாரத்துக்கோ மாறிவிடுவது நல்லது.

கோவை வட்டாரத்தில் ஜூன் மாதம் சூரியன் ஏறக்குறைய 6 மணிக்கு உதித்து 6.45ஐ ஒட்டி மறைகிறது. ஜனவரி நடுவில் 6.45ஐ ஒட்டி உதித்து 6.15 வாக்கில் மறைகிறது. உதித்த முதல் ஒன்றரை மணி நேரமும் மறைவதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரமும் இதமானவை. ஆனால் ஆழியாறு, சிறுவாணிச் சாலை, மருதமலை அடிவாரம் போன்ற இடங்களில் மேற்கே மலை நிற்பதால் மாலை வெளிச்சம் கணக்கிட்டதைவிட முன்பே போய்விடும். சிறு பிள்ளைகளுக்கு நான் காலையையே பரிந்துரைக்கிறேன், இரவு முழுவதும் தூங்கி எழுந்த முகம் மாலையில் கிடைப்பது அரிது. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கங்களில் தலைமுடியையும் புழுதியையும் கண்ணில் அடிக்கும். அந்த மாதங்களில் சுவர் மறைப்புள்ள இடத்தில் எடுக்கலாம்.

நன்றாக இருந்த குழந்தை திடீரென்று சிணுங்குகிறது

பசியாகவோ களைப்பாகவோ இருக்கும். மொத்த நேரத்தையும் நாற்பது நிமிடத்துக்குள் வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு இடைவேளை விட்டால் இது பெரும்பாலும் வராது. பெரிய குடும்பப் படத்தை முதலிலும், அம்மா அப்பாவோடு மட்டும் எடுப்பதை அடுத்தும், குழந்தையைத் தனியாக எடுப்பதைக் கடைசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். களைத்த பிள்ளை தனியாக விளையாடுவதையும் அழகாக எடுக்கலாம், பன்னிரண்டு பேர் நடுவில் அதை உட்கார வைக்க முடியாது. தின்பண்டமாகப் பொரி, வாழைப்பழம், இட்லித்துண்டு போன்ற கறைபடாதவற்றைக் கொண்டுவாருங்கள். வண்ணச் சர்பத்தும் சாக்லேட்டும் உதட்டில் சாயமேற்றும். நிலக்கடலையை முழுதாக ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம், சிரித்துக்கொண்டே தின்னும்போது தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

மூத்த பிள்ளை தம்பியைத் தள்ளுகிறது

எல்லாரும் கைக்குழந்தையை மட்டும் அழைத்துக்கொண்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள். மூத்த பிள்ளையின் பெயரை முதலில் சொல்லுங்கள், அதை மட்டும் தனியாக இரண்டு படம் எடுத்துக் காட்டுங்கள். பிறகு "தம்பியோட கால்ல விரல் பத்தும் இருக்குதா, எண்ணிச் சொல்லு" என்று கேட்டால், இரண்டு தலைகளும் ஒன்றாகக் குனிந்திருக்கும் படம் கிடைத்துவிடும். மடியில் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

செல்போனைக் கேட்டு அழுகிறது

வீடியோ காட்டிச் சிரிக்க வைத்தால் கண் திரையிலேயே நிலைத்துவிடும், நிறுத்தியதும் அழுகை இரட்டிப்பாகும். அன்று காலையிலிருந்தே எந்தச் செல்போனும் அதன் கண்ணில் படாமல் வைப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

மொட்டை, காதுகுத்து நாளில் எடுத்த எல்லாப் படத்திலும் அழுத முகம்

குலதெய்வக் கோயிலில் கூட்டத்து (குலத்து) உறவினர் அனைவரும் திரண்டிருக்க, மேளச் சத்தத்துக்கு நடுவில், தாய்மாமன் மடியில் உட்கார்ந்து தலையில் கத்தியும் காதில் ஊசியும் கண்ட குழந்தையிடம் அதன் பிறகு சிரிப்பை எதிர்பார்ப்பது அந்தப் பிஞ்சுக்குச் செய்யும் அநீதி. குடும்பப் படத்தை மொட்டைக்கு முன்பே, கோயிலுக்குக் கிளம்பும் நேரத்தில் வீட்டு வாசலிலேயே எடுத்து முடித்துவிடுங்கள். சடங்கின் படங்களில் அழுகை இருக்கட்டும், அதுதான் அன்று நடந்தது. சந்தனம் பூசிய தலையோடு சிரிக்கும் படம் வேண்டும் என்றால், குழந்தை நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு, அல்லது காது ஆறிய ஒரு நாளில் எடுக்கலாம். கோயிலுக்குள் எடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தமிழகக் கோயில்களுக்குள் செல்போன் கொண்டுசெல்வதைத் தடுக்க 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது, பல கோயில்களில் கேமராவுக்கும் அனுமதி இல்லை. வாசலில் வைத்துத் தெரிந்துகொண்டு வாக்குவாதம் செய்யும்போது குழந்தை வெயிலில் காத்திருக்க நேரும்.

எதைச் செய்தாலும் அழுகை நிற்கவில்லை

ஒருமுறை தூக்கிக்கொண்டு போய், சத்தமில்லாத இடத்தில் அம்மா மட்டும் கால்மணி நேரம் வைத்திருக்கட்டும். திரும்ப வந்ததும் மறுபடி அழுதால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மிரட்டியோ, பூச்சாண்டி காட்டியோ, கெஞ்சியோ தொடர்ந்தால் அடுத்த முறை கேமராவைப் பார்த்ததுமே அழும். உடல் சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். காய்ச்சல் மருந்து கொடுத்து அழைத்து வந்து எப்படியாவது முடித்துவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம். படமெடுப்பவரிடம் தேதி பேசும்போதே, குழந்தைக்கு முடியாமல் போனால் மற்றொரு நாள் வைத்துக்கொள்ளலாமா, முன்பணம் என்னவாகும் என்பதைக் கேட்டு முடிவு செய்துகொண்டால், அன்று காலையில் நிறுத்துவதற்கு யாருக்கும் தயக்கம் இருக்காது.

புதிய தேதியைக் குறிக்கும்போது நாள்காட்டியோடு தடுப்பூசி அட்டையையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதங்களில் 6, 10, 14 வாரங்களிலும், பிறகு 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும், 5 முதல் 6 வயதுக்குள்ளும் போடும் ஊசிகளுக்குப் பின் ஓரிரு நாள் காய்ச்சலும் ஊசி போட்ட இடத்தில் வலியும் இருக்கலாம். அந்த வாரத்தைத் தவிர்த்து, குழந்தை வழக்கமாக எழும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்கும்படி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.